செட்டிலானதும்: ஏழாம் பெரும்பொழுது குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு என்றனர் முன்னோர். ஒன்றுக்கு இரண்டு மாதமாகப் பன்னிரண்டு மாதமும் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் புது வேலை கிடைத்துப் புது ஊருக்குக் குடிபோன, நாவல் எழுதும் எண்ணமும் உள்ள ஒருவரிடம் ‘எப்போது எழுதுவதாக உத்தேசம்?’ என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஆறில் எதையும் அவர் சொல்லமாட்டார். ‘கொஞ்சம் செட்டிலானதும்’ என்பார்.

செட்டிலானதும் என்னும் இப்பருவம் எந்த மாதத்தில் தொடங்கும், எந்த மாதத்தில் முடியும், மழை உண்டா, பனி உண்டா என்று இலக்கண நூல் எதுவும் பேசவில்லை. டிரான்ஸ்பர் ஆர்டர் இல்லாத காலத்தில் வாழ்ந்த தொல்காப்பியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்வந்த உரையாசிரியர்களும் மௌனம் சாதித்ததால் இச்சிறு கட்டுரை எழுதப்படலாயிற்று.

ஆய்வின் எல்லை

ஆய்வுக்களம் திருவனந்தபுரம். என்னை? காரணம் மூன்று.

ஒன்று, இவ்வூருக்கு வேலைக்கு வரும் தமிழர் வரத்து நிற்பதே இல்லை. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏறியதிலிருந்து விண்வெளித் துறைக்கு வந்தவர்கள் ஒரு வகை. 1990இல் டெக்னோபார்க் தொடங்கிய பின் கழக்கூட்டத்துக்கு மடிக்கணினியோடு வந்தவர்கள் இன்னொரு வகை. வங்கி, ரயில்வே, கல்லூரி என்று வந்தவர்களும் பலர். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறைகளாக இருப்பவர்கள் ‘வந்தவர்கள்’ என்னும் கணக்கில் சேரார்.

இரண்டு, இங்கே மொழி பாதி புரியும். முழுதும் புரியாத ஊரில் மனிதன் வாயை மூடிக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுவான். முழுதும் புரியும் ஊரில் எழுதாததற்குச் சாக்குக் கிடைக்காது. பாதி புரியும் ஊரில்தான் ‘முதலில் பாஷையைப் பிடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி ஓராண்டைக் கடத்த முடியும்.

மூன்றாவது காரணம் மிக முக்கியமானது. எழுதாமலிருக்க இத்தனை வசதி உள்ள இவ்வூரில் உத்தியோகமும் வியாபாரமும் பார்த்துக்கொண்டே தமிழ் நாவல் எழுதியவர்களின் வரிசை ஒன்று உண்டு. அவர்கள் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வந்து முற்பகுதியை உடைப்பார்கள்.

ஆய்வுக்குரியோர்

நாவலர் என்பது பழைய பட்டம். நாவல் எழுதவிருப்பவரை ‘வருநாவலர்’ என்று இக்கட்டுரை குறிக்கும். அவருக்கு இலக்கணம் நான்கு. தலைப்பு முடிவாகியிருக்க வேண்டும். சமர்ப்பணப் பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் அத்தியாயம் பலமுறை திருத்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயம் பற்றிக் கேட்டால் அவர் மேலாளரைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

கவிஞர்கள் விலக்கப்பட்டனர். ஆனவண்டி என்று ஊரார் அழைக்கும் அரசுப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒரு கவிதையை முடித்துவிட முடியும் என்பதால் அவர்களுக்கு இப்பருவம் பொருந்தாது. சிறுகதையாளர் பொருந்துவரோ எனின், தொகுப்பு போடும் ஆசை பிடித்த பின் பொருந்துவர் என்க.

முதற்பொருள்: நிலம்

வருநாவலருக்கு வீடு தேடித் தரும் புரோக்கரின் தொழில் துயரமானது. மற்றவர்கள் தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்பார்கள். இவர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே மரம் வேண்டும் என்பார். திருவனந்தபுரத்தில் மரம் தெரியாத ஜன்னலைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தென்னை, பலா, மா என்று ஏதாவது ஒன்று கம்பிக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ‘சூழல் சரியில்லை’ என்ற சாக்கு இந்நிலத்தில் முதல் நாளே செல்லாததாகிவிடும். வேறு சாக்குகளுக்கு இங்கே கிராக்கி அதிகமாயிருப்பதற்கு இதுவே காரணம்.

கழக்கூட்டத்தில் குடியிருந்தால் ஆபீஸ் பக்கம். தமிழ்ப் பத்திரிகையும் தமிழ்ப் பேச்சும் தூரம். கரமனையிலோ சாலைப் பக்கமோ குடியிருந்தால் தமிழ் வாசலிலேயே நிற்கும், ஆபீஸ் தூரம். முதலாமவர் ‘காதில் தமிழ் விழவில்லை, எப்படி எழுத?’ என்பார். இரண்டாமவர் ‘போக வரவே நேரம் சரியாக இருக்கிறது’ என்பார். இருவரையும் வீடு மாற்றி வைத்தால் வசனத்தையும் மாற்றிக்கொள்வர் என்பது இவ்வாய்வின் துணிபு.

முதற்பொருள்: பொழுது

கார்காலம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்பதே தமிழ் மரபு. திருவனந்தபுரத்தில் அது இரண்டு முறை வரும். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையை இடவப்பாதி என்பர். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை துலாவர்ஷம் என்னும் பெயரில் வரும். வடகிழக்கையே பெரிதும் நம்பி வளர்ந்த மதுரைக்காரருக்கு இரண்டாம் தவணை மழை என்பது சம்பளத்தில் சேராத போனஸ்.

மழைக்கும் நாவலுக்கும் உள்ள தொடர்பு இதுவரை தவறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. மழை மனத்தைக் கிளறும், எழுத்து ஊறும் என்பர். அது பொருந்தாது. மழையில் ஊறுவது துணி. கொடியில் காயாத துணி வீட்டுக்குள் வரும். வீட்டுக்குள் வந்த துணி, எழுதுவதற்கென்று ஆசையாக வாங்கிய நாற்காலியின் முதுகில் முதலில் ஏறும். பிறகு மேசைக்கும் பரவும். மேசையை ஒழித்துவிட்டு எழுதலாம் என்றிருப்பவர் வெயிலுக்காகக் காத்திருக்க நேரும். வெயில் வந்ததும் துணி காயும். துணி காய்ந்ததும் அடுத்த மழை வரும்.

சிறுபொழுதும் ஆறு. வைகறை அலாரத்தை அணைப்பதில் கழியும். காலை குளியலறைக்கும் புட்டுக்கும் போகும். நண்பகல் ஆபீசுடையது. எற்பாடு பேருந்தில் கழியும். மாலை, வீட்டிலிருந்து வரும் தொலைபேசிக்கு: ‘சாப்பிட்டியா, அங்க என்ன சாப்பாடு கெடைக்குது, அரிசி ரொம்பப் பெருசாமே?’ யாமம் ஒன்றே மிஞ்சும். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் அதுவும் மிஞ்சாது. அவருக்குக் காலை ஆகும்போது இவருக்கு இரவு ஆகும். இரவின் தனிமை எழுத்தாளனுக்கு உரியது என்று எழுதியவர்கள் யாரும் கான்ஃபரன்ஸ் கால் எடுத்தவர்களல்லர்.

கருப்பொருள்

திணைக்கு ஒரு பூ வேண்டும். வாடகை வீட்டு வேலிதோறும் நிற்பதால் இத்திணையைச் செம்பருத்தி என்போம். பிற கருப்பொருள் வருமாறு.

தெய்வம்: ஹெச்.ஆர். கண்ணுக்குத் தெரியாது, மின்னஞ்சலில் அருள்பாலிக்கும்.

உணவு: புட்டும் கடலையும், கப்பையும் மீனும். தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸின் மசால் தோசையும் இதில் அடங்கும். அம்மசாலாவில் பீட்ரூட் இருக்கக் கண்டு திடுக்கிடாத தமிழர் இலர். லாரி பேக்கர் வடிவமைத்த அந்தச் செங்கல் கட்டடம் சுருளாக மேலே ஏறும். மேசையும் பெஞ்சும் சுவரோரமாகக் கட்டுமானத்தோடே அமைந்தவை. வருநாவலர் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே ஏறி, காலியிடம் தேடிச் சுற்றிச் சுற்றி மேலே போவார். கதை நகர்கிறது என்ற உணர்வு கால்களுக்கு உண்டாகும். தோசை முடியும்போது அவ்வுணர்வும் முடியும்.

விலங்கு: தெருநாய். புள்: காகம். பறை: பிரஷர் குக்கர் விசில். யாழ்: மேல்வீட்டுக்காரரின் ரிங்டோன்.

மாந்தர்: ‘அண்ணாச்சி’ என்று விளித்து அன்பு காட்டும் உள்ளூர் நண்பர்கள். திருநெல்வேலிப் பக்கமே எட்டிப் பார்க்காத கோயம்புத்தூர்க்காரரும் இங்கே அண்ணாச்சி ஆவார். ‘அண்ணாச்சி கதை எழுதுமோ?’ என்று அவர்கள் விசாரிப்பார்கள். அவர்கள் ஊரில் எழுத்தாளருக்கு மதிப்பு உண்டு. ஆகவே ‘உண்டு, நாவல்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் வாராவாரம் கேட்பார்கள். வருநாவலர் மதியச் சாப்பாட்டைத் தன் மேசைக்கு மாற்றிக்கொள்வது இக்கட்டத்தில்தான்.

உரிப்பொருள்

குறிஞ்சிக்குப் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் போலச் செம்பருத்திக்குத் தள்ளிப்போடுதலும் தள்ளிப்போடுதல் நிமித்தமும் உரிப்பொருள். தள்ளிப்போடுதல் எல்லார்க்கும் எளிது. நிமித்தம் தேடுவதில்தான் படைப்பாற்றல் தெரியும். வருநாவலரின் கற்பனை முழுதும் செலவாகும் இடம் இதுவே.

நிமித்தங்கள் படிப்படியாக வளர்வன. முதல் மாதம்: கேஸ் கனெக்ஷன், முகவரிச் சான்று, இணைய இணைப்பு. இவை நியாயமானவை. மூன்றாம் மாதம்: நல்ல மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, தமிழ் எழுத்துருவோடு ஒத்துப்போகும் மென்பொருள். இவை பாதி நியாயம். ஆறாம் மாதம்: ஊரை முதலில் படிக்க வேண்டும். 1829இல் தொடங்கிய பொது நூலகத்தில் உறுப்பினராகி, திருவிதாங்கூர் வரலாற்றைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கதையை ஆராய வேண்டும். அவர் எழுதவிருக்கும் நாவல் விருதுநகரில் ஒரு காதலைப் பற்றியது என்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்க.

புத்தகப் பெட்டி ஒன்றும் உண்டு. லாரியில் வந்து இறங்கிய பெட்டிகளில் இது எப்போதும் அடியில் இருக்கும். கையெழுத்துப் பிரதி அப்பெட்டியின் அடியில் இருக்கும். அதை எடுத்தால்தான் எழுத முடியும் என்பது வருநாவலர் கட்சி. எழுத உட்கார்ந்தவன் வெள்ளைத்தாளிலும் தொடங்கலாமே என்பது எதிர்க்கட்சி. இவ்வழக்கு பெட்டி பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டுக்கு மாற்றப்படும்.

முன்னோர் சான்று

இனி இதுவரை சொன்னவற்றை மறுக்கும் சான்றுகள்.

நீல பத்மநாபன், 1938இல் பிறந்தவர். கேரள மின்சார வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். கரண்ட் போய்விட்டதால் எழுத முடியவில்லை என்று சொல்லும் உரிமை உலகில் இவர் ஒருவருக்குத்தான் இல்லை. இரணியல் செட்டிமார் வாழ்வைச் சொல்லும் ‘தலைமுறைகள்’ 1968இல் வந்தபோது வயது 30. இரண்டே ஆண்டில் திருவனந்தபுரத்தையே களமாக்கிப் ‘பள்ளிகொண்டபுரம்’. ஆபீஸ் எழுத்தைக் கெடுக்கிறது என்று புலம்புவோர்க்கு விடையாக, மின்துறையையே களமாக்கி ‘மின் உலகம்’ என்றொரு நாவலும் எழுதினார்.

ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். குடத்துக்கு விலை கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும் இடம் எழுத்துக்கு உகந்ததன்று என்பது பொதுக் கருத்து. அவருக்கோ வந்த ஆளும் எதிர்க்கடை ஆளும் போகிற சுமட்டுக்காரனும் எல்லாம் கதை. அத்தெருவையே கடைத்தெருக் கதைகளாக்கினார். ‘புனலும் மணலும்’, ‘கிருஷ்ணப் பருந்து’ என நாவல்களும் தந்தார். 2015இல் சாகித்ய அகாதெமி விருது அவருடைய ‘இலக்கியச் சுவடுகள்’ நூலுக்கு வந்தது.

நகுலன் என்ற டி.கே. துரைசாமி 1921இல் கும்பகோணத்தில் பிறந்து இவ்வூருக்குக் குடிவந்தவர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர். நவீனன் என்னும் எழுத்தாளனையே பாத்திரமாக்கி 1972இல் ‘நினைவுப்பாதை’ தந்தார். வருநாவலர் பலர் இதைப் படித்துவிட்டு, எழுத்தாளனைப் பற்றி எழுதினால் ஆராய்ச்சி தேவைப்படாது என்று மகிழ்வர். நவீனனைப் போல யோசிக்கத் தேவைப்படும் தனிமையைக் கேட்டதும் மகிழ்ச்சி அடங்கும்.

ஹெப்சிபா ஜேசுதாசன் இவ்வூரில் ஆங்கிலப் பேராசிரியை. வகுப்பும் விடைத்தாளும் குடும்பமும் ஒருங்கே இருக்க, பனையேறிகளின் வாழ்வைச் சொல்லும் ‘புத்தம் வீடு’ 1964இல் வெளிவந்தது.

வேறூர்ச் சான்றும் உண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ தந்த அ. மாதவையா உப்பு இலாகா உத்தியோகஸ்தர். நாஞ்சில் நாடன் 1972இல் வேலைக்காக மும்பைக்குக் குடிபோனார். 1977இல் ‘தலைகீழ் விகிதங்கள்’ வந்தது. அதில் இருப்பது மும்பையன்று, நாஞ்சில் நாடு. இவ்வாய்வின் முதற்கண்டுபிடிப்பு இங்கே கிடைக்கிறது. இரணியலைப் பற்றியும் குமரிப் பனைவிளையைப் பற்றியும் நாஞ்சில் வயலைப் பற்றியும் நாவல் எழுதியவர்கள் அவற்றை விட்டு வந்து வேறோர் ஊரில் உத்தியோகம் பார்த்தவர்கள். விட்டு வந்த ஊர்தான் வாக்கியமாகத் திரும்பி வருகிறது. ஆகவே குடிபெயர்தல் நாவலுக்கு இடையூறன்று, முதலீடு. வருநாவலர் முதலீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடன் கேட்டு அலைகிறார்.

மறுதரப்பு

நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றை மறைக்காது. மலையாள நாவலின் பெருந்தூண் சி.வி. ராமன் பிள்ளை இதே நகரத்து உத்தியோகஸ்தர். உயர்நீதிமன்றத்தில் வேலை பார்த்தபடி எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ 1891இல் வெளிவந்தது. பின்பு படிப்படியாக உயர்ந்து அரசு அச்சகத்தின் தலைமைக்கே வந்தார். அடுத்த நாவல் ‘தர்மராஜா’ வந்த ஆண்டு 1913. இடைவெளி 22 ஆண்டு.

பார்த்தீர்களா, பெரியவருக்கே செட்டிலாக 22 ஆண்டு பிடித்தது என்று வருநாவலர் துள்ளக்கூடும். சான்றைச் சரியாகப் படிக்க. சிறிய உத்தியோகத்தில் இருந்தபோது முதல் நாவல் வந்தது. உத்தியோகம் உயர உயர நாவல் தூரப்போயிற்று. புது வேலையின் அலுப்பைவிடப் பழைய வேலையின் சௌகரியமே நாவலுக்குப் பெரிய பகை என்பது இதனாற் பெறப்படும். அச்சகத்தையே கையில் வைத்திருப்பதும் கூட உதவவில்லை என்பதை, பதிப்பாளர் கிடைக்கவில்லை என்போர் குறித்துக்கொள்க.

அளவை

இனிக் கணக்கு. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் தபால் இலாகாக்காரர். 1841இல் மாற்றலாகி அயர்லாந்துக்குப் போனார். புது ஊர், புது வேலை. 1843இல் அங்கேயே முதல் நாவலைத் தொடங்கினார். 1847இல் அது வெளிவந்தது. வாழ்நாளில் எழுதியவை 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு எழுத உட்காருவார். காபியோடு வந்து எழுப்புவதற்கென்றே வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதினார். ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் வந்து போகிறவர்கள் இவ்வாக்கியத்தை இருமுறை படிக்க.

டிராலப்பின் வேகம் நமக்கு வேண்டா. அவருக்கு வாட்ஸப் குழு கிடையாது. அவர் வேகத்தில் பாதி, அரை மணிக்கு 250 சொல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அந்த அரை மணி மட்டும்.

நம் நாட்டில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்படுகிறது. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்யும் செலவு வரும் என்பது காரணம். 11 மாதம் என்பது ஏறத்தாழ 334 நாள். ஓணம், தீபாவளி, பொங்கல், ஆற்றுகால் பொங்கல், ஊரிலிருந்து விருந்தாளி வந்த நாள், காய்ச்சல் கண்ட நாள் என்று தாராளமாக 34 நாளைத் தள்ளிவிட்டால் மிச்சம் 300. நாளுக்கு 250 வீதம் 75,000 சொல். நடுத்தரத் தமிழ் நாவல் ஒன்றுக்கு இது போதும்.

ஆகவே ஒரு வாடகை ஒப்பந்தம் சமம் ஒரு நாவல். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவதற்குள் நூல் முடிந்துவிடும்.

ஐயமும் தெளிவும்

‘அந்த அரை மணியில் எழுதுவது நன்றாக வராதே?’ எனின், எழுதாத ஒன்பது மணியில் வந்ததை எடுத்துக்காட்டுக என்க.

‘மனநிலை அமைய வேண்டாமா?’ எனின், மாதவன் கடை திறக்க மனநிலை பார்த்தவரல்லர் என்க.

‘வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதினால் என்ன?’ எனின், அப்போது செட்டிலாக வேண்டியவை இரண்டாகும் என்க. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு யோசிக்கும் முழுநேர வருநாவலருக்கு வாடகை, ரேஷன், உறவினர் விசாரணை மூன்றும் தனி அத்தியாயங்கள்.

‘திருமணம், குழந்தை, வீட்டுக் கடன் ஆகியவை முடிந்த பின்?’ எனின், இவை முடிவனவல்ல என்க.

முடிபு

செட்டிலானதும் என்னும் பெரும்பொழுது ஆண்டின் எந்த மாதத்திலும் இல்லை. நாள்காட்டி அச்சிடுவோர் அதற்குக் கட்டம் ஒதுக்கவில்லை. ஓய்வூதிய அலுவலகமும் வழங்குவதில்லை. பெரும்பொழுது ஆறே என்ற முன்னோர் கொள்கை பிழையன்று என இவ்வாய்வு நிறுவுகிறது. வேலை, நாளுக்கு ஒரு ஒழுங்கைத் தருகிறது. குடிபெயர்தல், எழுத ஓர் ஊரைத் தருகிறது. இரண்டையும் பெற்றவர்க்கு மிச்சம் வேண்டியது அரை மணி.

இக்கட்டுரையைப் படிக்க வருநாவலருக்குக் கால் மணி ஆகியிருக்கும். இன்றைய பங்கில் இன்னும் கால் மணி இருக்கிறது. சொல் கணக்கில் 125. நாற்காலியிலுள்ள துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்காருக.